கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வெர்னா ஹில்டுனென் போன் செய்தால் ஹலோ சொல்ல மாட்டாள். தன் பெயரைச் சொல்வாள், எந்த ஆட்டம் என்று சொல்வாள், பிறகு, "என்ன பண்ணின? நீயே சொல்லு" என்பாள். அதற்கப்புறம் அவள் பக்கம் பேச்சே இருக்காது. அந்தப் பக்கத்துப் பையன் தொண்டையைக் கனைப்பான், அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்று ஆரம்பிப்பான், எதிராளியின் வாயைப் பற்றிச் சொல்வான், ரெஃப்ரியின் கண்ணைப் பற்றிச் சொல்வான். வெர்னா காத்திருப்பாள். கடைசியில் அவனுக்கே அலுத்துப்போய், "மட்டையால முதுகுல போட்டேன் மிஸஸ் ஹெச்" என்று முடிப்பான்.

வட ஏரிக் கல்லூரி கிளப் லீக்கில் எட்டு ஐஸ் ஹாக்கி அணிகள். எட்டு அணிகளின் பேருந்துகளிலும் அவள் குரலை அச்சாகப் பேசிக் காட்ட ஒருவனாவது இருப்பான். கல்லூரியின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஆடுகிற, ஆனால் கல்லூரி பெரிதாகக் கண்டுகொள்ளாத பையன்கள். திடலுக்கான வாடகையைத் தாங்களே போட்டுக்கொண்டு, வியர்வை காயாத மூட்டைகளோடு ஐந்து மணி நேரம் பேருந்தில் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து திங்கட்கிழமை பரீட்சை எழுதுகிறவர்கள். அவர்களில் யார் எத்தனை ஆட்டம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது வெர்னா. பதினோரு வருஷமாக.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவள் மகன் எரிக் ஆல்டர் ஃபால்ஸ் கல்லூரிக்காக ஆடிய காலம் அது. முன்பு ஒழுங்கு பார்த்தவரின் காரை யாரோ மட்டையால் தட்டிப் பார்த்துவிட்டார்கள். அவர் விலகினார். லீக் கூட்டத்தில், அடுத்து யார் என்று கேட்டதும் எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்த வெர்னா, "நான் பார்த்துக்கறேன். ஆனா சிபாரிசுன்னு எவனும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது" என்றாள். முதல் வழக்கே எரிக்குடையதாக வந்து சேர்ந்தது. அம்மா மகனை விசாரிக்க முடியாது என்று அதை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவர் ஓர் ஆட்டம் தடை போட்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் எரிக்குக்கு இறைச்சி அப்பத்தைத் தள்ளி வைத்தபடி வெர்னா சொன்னாள்: "நானா இருந்தா ரெண்டு."

பகலில் அவள் வேலை மாவட்ட சாலைத் துறையின் ரேடியோ அறையில். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் பனி தள்ளும் லாரிகள் சாலையில் இருக்கும். அவற்றின் ஓட்டுநர்களை அவள் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். "எங்க இருக்க?" என்று கேட்டால், "ரோட்டுலதான் இருக்கேன்" என்கிறவன் பள்ளத்தில் இருக்கிறான். "லூத்தரன் சர்ச் வளைவுல ஒருத்தர் தபால் பெட்டிய சாய்ச்சுட்டேன் வெர்னா, முன்சக்கரம் ரெண்டும் காத்துல நிக்குது" என்கிறவனுக்கு உடனே ஆள் அனுப்பலாம். பாதி சொல்கிறவனைத் தேடத்தான் நேரம் போகும். ஹாக்கி வழக்குகளிலும் அவள் அப்படித்தான். வீடியோ முதலில் பார்க்க மாட்டாள். "வீடியோ எங்க ஓடிடப் போகுது?" முதலில் பையன் சொல்ல வேண்டும். அவன் சொன்னதும் வீடியோவும் ஒத்துப்போனால் அவள் கை கொஞ்சம் இளகும். ஒத்துப்போகாவிட்டால் இளகாது. இது எட்டு அணிகளுக்கும் தெரியும்.

லீக் விதிகளில் பெரும்பாலானவை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. ஒன்று மட்டும் வெர்னாவின் சொந்தச் சரக்கு. முன்பெல்லாம் தடை பெற்றவன் சும்மா இருக்கிறானே என்று அவனையே தண்டனைக் கூண்டின் கதவுக்கு நிறுத்திவிடுவார்கள். தப்பாட்டம் ஆடியவன் இரண்டு நிமிஷம் உட்காரும் கூண்டு அது. நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். ஒரு வருஷம் அப்படி நின்ற ஒருவன், எதிரணிக்காரனின் நேரம் முடிந்தும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தவன் குத்துகிறான், கத்துகிறான், கதவு அசையவில்லை. அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. தாழ்ப்பாள் உறைந்துபோச்சு என்று அவன் சத்தியம் செய்தான். "தாழ்ப்பாள் உறைஞ்சுதா, கதவுல வச்ச உன் கால் உறைஞ்சுதா?" என்று வெர்னா கேட்டாள். அந்த வாரமே விதி எழுதினாள். தடை பெற்றவன் ஆட்டம் முடியும்வரை, திடலைச் சுற்றி நிற்கிற கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பார்வையாளர்களோடு. இந்தப் பக்கம் வந்து ஆட்டத்தில் எந்த வகையிலாவது பங்கெடுத்தால், அந்த ஆட்டம் அவன் கழித்த தடையில் சேராது. இன்னொன்று உட்கார வேண்டும்.

மூன்று வரி. அந்த மூன்று வரிதான் ஓவன் ட்ரெம்பாத்துக்கு வினையாக வந்தது.

ஓவன் ஆல்டர் ஃபால்ஸ் அணியின் கேப்டன், கடைசி வருஷம். முதல் மூன்று வருஷமும் அவன் அணி லீக் இறுதி ஆட்டத்தின் பக்கம் போனதில்லை. நான்காவது வருஷம், மார்ச் மாதம், கால் இறுதியில் அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தபோது மேசன் குயிக் என்ற அவன் அணிப் பையன் ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டான். இரண்டு பேர் சண்டை போடும்போது மூன்றாவதாக நுழைகிறவன் வெளியே. அதுதான் விதி. பிரித்துவிட வந்தானா, அடிக்க வந்தானா என்ற பேச்சே கிடையாது. ஓவன் நுழைந்தான்.

வெர்னா போன் செய்தாள்.

"பிரிக்கத்தான் போனேன் மிஸஸ் ஹெச்" என்றான் ஓவன். கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல பிரிக்கத்தான். அப்புறம் அவன் ஹெல்மெட்டப் புடிச்சு ஒரு தடவ ஆட்டிட்டேன். வீடியோவுல தெரியுமான்னு தெரியல. முதுகு மறைச்சுருக்கும்" என்றான்.

வீடியோவில் தெரியவில்லை. முதுகு மறைத்திருந்தது. வெர்னா ஓர் ஆட்டம் தடை போட்டாள். அரையிறுதியில் உட்கார வேண்டும். அணி ஜெயித்தால் இறுதி ஆட்டத்தில் ஆடலாம்.

அரையிறுதி செயின்ட் ஆன்ஸ்கர் கல்லூரியின் திடலில், சனிக்கிழமை பிற்பகல். காலையிலிருந்தே ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெர்னா அன்று ரேடியோ அறையில் இருந்தாள். பதினான்கு லாரிகள் வெளியே. ஆட்டத்துக்குப் போகவில்லை.

அங்கே நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவள் காதுக்கு வந்தது. போன் செய்தது ரிக் லஃபோன்ட், செயின்ட் ஆன்ஸ்கரின் கோச். பகலில் டயர் கடை வைத்திருக்கிறவன். இருபது வருஷமாகத் தெரிந்தவன். தோற்ற மறுநாள் அவன் குரல் எப்போதும் ஒரு படி மேலே இருக்கும்.

"வெர்னா, உன் கண்ணாடி விதி இன்னும் உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?"

"உயிரோடதான் இருக்கு. ஏன், உனக்கு என்ன செஞ்சுது?"

"ட்ரெம்பாத் பய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னான். டையக் கட்டிக்கிட்டு, கூண்டுக் கதவுல, முழு ஆட்டமும். நீ போட்ட தடை என்ன ஆச்சு? கடைசியில அந்தக் கூண்டுலேர்ந்து வந்தவன்தான் எங்க மேல கோல் போட்டான்."

"கூண்டுக் கதவுக்கு ஆள் நிறுத்தறது யாரு ரிக்?"

"திடல்காரங்க."

"திடல் யாருது?"

லஃபோன்ட் கொஞ்சம் இருமினான். "ரெண்டு ஆள் ஏற்பாடு பண்ணியிருந்தேன். ஒருத்தன் பனியில மாட்டிக்கிட்டான். உன் லாரிங்க அந்தப் பக்கமே வரல."

"என் லாரிய விடு. ட்ரெம்பாத்த மேலேர்ந்து கீழ கூப்பிட்டது யாரு?"

லஃபோன்ட் மறுபடி இருமினான்.

"ரிக், நீயே சொல்லு."

"நான்தான்" என்றான் லஃபோன்ட். "உங்க பசங்க உட்கார்ற கூண்டுதானே, நீயே நில்லு, இல்லேன்னா ஆட்டமே ஆரம்பிக்காதுன்னு சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். ரெஃப்ரி பரவாயில்லன்னதும்தான் எறங்கி வந்தான். ஆனா வெர்னா, விதி விதிதானே? நான் கூப்பிட்டா அவன் வந்துடறதா?"

ரெஃப்ரியிடமும் கேட்டாள். ஆமாம், நான்தான் பரவாயில்லை என்றேன், வேறு வழி இல்லை, வெளியே பனி அப்படி என்றார் அவர். வெர்னா போனை வைத்துவிட்டு மூன்றாவது கோப்பை காபி ஊற்றினாள். அவள் கணவன் ராய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மீன்பிடிக் கம்பியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, கண்ணாடி உடைஞ்சுதா?" என்றான்.

"ஒண்ணும் உடையல. பங்கெடுத்தால்னு எழுதியிருக்கேன். இவன் தாழ்ப்பாள் மாதிரி நின்னிருக்கான், கூப்பிட்டவங்க சொன்ன இடத்துல. தாழ்ப்பாள் ஆட்டத்துல சேர்த்தியா? பையன் ஆடலாம். ரிக்குக்குத்தான் குடுக்கணும் ஒண்ணு."

"அப்ப போன் எதுக்குத் திரும்ப எடுக்கற?"

"அவன்கிட்ட இன்னும் கேக்கலையே."

கேட்காமல் அவள் எதையும் முடித்ததில்லை. விடுவிக்கிற வழக்கானாலும் சரி.

ஓவன் போனை எடுத்தபோது பின்னால் நிறையப் பேர் சிரிக்கிற சத்தம். ஜெயித்த அணி, காலை உணவுக் கடையில் இருக்கிறது. "ஒரு நிமிஷம் மிஸஸ் ஹெச், வெளிய வந்துடறேன்." கதவு சாத்தியது. சிரிப்பு அறுந்தது. எங்கோ ஒரு மண்வெட்டி பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"செயின்ட் ஆன்ஸ்கர் ஆட்டம். என்ன பண்ணின? நீயே சொல்லு."

அவன் சொன்னான். மேலே இருக்கையில் உட்கார்ந்திருந்தது, லஃபோன்ட் கூப்பிட்டது, இரண்டு முறை மாட்டேன் என்றது, ரெஃப்ரி தலையாட்டியது, பின்பக்க வழியாகக் கூண்டுக்குள் வந்தது. லஃபோன்ட் சொன்னதோடு ஒரு சொல்கூட மாறவில்லை. வெர்னா, சரி கண்ணா, போய் சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் ஓவன்.

மண்வெட்டி நின்றது.

"கடைசியில மேசன் கூண்டுக்குள்ள வந்தான்ல. அப்ப ஆட்டம் சமம். நான் முதல் ரெண்டு பகுதியும் அவங்க கோலியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஆடும்போது தெரியாது. சும்மா நிக்கும்போதுதான் தெரிஞ்சுது. கையுறைப் பக்கம் கீழ அவன் லேட்டா மடங்கறான். மேசன்கிட்ட சொன்னேன். மேல அடிக்காத, கையுறைப் பக்கம் கீழ அடின்னு. கதவத் திறந்தேன். அவனுக்கு நேரா பந்து வந்துச்சு, தனியாப் போனான், அங்கதான் அடிச்சான்."

பந்து என்று அவன் சொன்னது ரப்பர் வில்லையை, கோலி என்றது கோல் காக்கிறவனை. ஆல்டர் ஃபால்ஸ் பையன்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வெர்னா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இத யாரும் கேக்கலையே ஓவன்" என்றாள்.

"நீங்க கேட்டீங்க."

"லஃபோன்டுக்குத் தெரியாது. ரெஃப்ரிக்குத் தெரியாது. வீடியோவுல உதடு தெரியற அளவுக்குக் கிட்டத்துல ஒண்ணும் இல்ல."

"தெரியும் மிஸஸ் ஹெச்" என்றான். அவன் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. "இறுதி ஆட்டம் போயிடுமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

வெர்னா 'நாளைக்கு' என்று சொன்னதைப் பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. ராய் நூலை மடியில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"சொல்லிட்டானே. உன் கை இளகும்னு ஊரே சொல்லுது. இப்ப இளகாதா?"

"ஒரு ஆட்டத்த எப்படி ராய் இளக்கறது? முக்கால் ஆட்டமா? தலைய விட்டுட்டு உடம்ப மட்டும் ஆட விடவா?"

"அம்மா தாயே, நான் மீன் பிடிக்கறவன். பெரிய மீன் கைய விட்டுப் போனா எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்காது. அவனுக்கு எப்படி இருக்கும்னுதான் சொன்னேன்."

திங்கட்கிழமை முழுக்க அவள் ரேடியோ அறையில் இதையே மென்றுகொண்டிருந்தாள். தடை போட்டால் எட்டுப் பேருந்துகளிலும் ஒரே பேச்சாக இருக்கும்: ட்ரெம்பாத் வாயை மூடியிருந்தால் ஆடியிருப்பான். அடுத்த வருஷம் அவள் "நீயே சொல்லு" என்றால் பையன்கள் பாதி சொல்வார்கள். விட்டுவிட்டாலோ, லஃபோன்டின் பையன்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? நடுவில் ஒரு குரல் கரகரத்தது. ஆர்விட் என்ற ஓட்டுநர். வாய்க்கால் பாலத்தில் கைப்பிடிக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன் என்றான். யாருமே பார்க்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

"அப்புறம் ஏன்டா சொல்ற?" என்றாள் வெர்னா. அப்படி ஒரு கேள்வியை அவள் அந்த ரேடியோவில் கேட்டதே இல்லை.

"வேற யார்கிட்ட சொல்றது?" என்றான் ஆர்விட். "ஆனா மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்ல?"

"எழுதித்தான் ஆகணும்."

"எழுது, எழுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்த?"

அவள் சிரித்துவிட்டாள். ஆர்விட் தப்பிக்கச் சொல்லவில்லை. எழுதுவாள் என்று தெரிந்துதான் சொன்னான். ஓவனும் அப்படித்தான். அவன் சொன்னதைச் சலுகைக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு தட்டிக்கொடுத்து அனுப்பினால், அவனைச் சின்னப் பையனாக்குவது அவள்தான். அதன் பிறகு அவளுக்கு மென்றுகொண்டிருக்க ஒன்றும் இல்லை.

போனில் சொல்லலாம். எப்போதும் போனில்தான் சொல்வாள். அன்று வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஆல்டர் ஃபால்ஸ் திடலுக்குப் போனாள்.

பயிற்சி முடிந்து பையன்கள் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். அந்த அறையின் வாடை எட்டுத் திடல்களிலும் ஒன்றுதான். ஈரக் கையுறை, ரப்பர், வாழைப்பழத் தோல். வெர்னா கதவைத் தட்டி, "துணி போட்டிருக்கீங்களாடா?" என்றாள். உள்ளே ஒரு சின்னக் கலவரம் நடந்து அடங்கியது.

ஓவன் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது அவனுக்கு. மறுபடி கயிற்றையே பார்த்தான்.

"தனியாச் சொல்லவா?"

"இல்ல, இங்கயே சொல்லுங்க. இவங்களுக்கு நான் இன்னும் சொல்லல."

"அப்ப நீயே சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். பிறகு மேசன் குயிக் எழுந்தான். ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் ஒன்றும் இல்லை.

"டேய், என்னடா சொன்ன என்கிட்ட?"

"கோலியப் பத்தி. கையுறைப் பக்கம் கீழன்னு."

"எப்ப?"

"கூண்டுல. கதவத் திறக்கறதுக்கு முன்னாடி."

"டேய் ட்ரெம்பாத், நான் அப்ப அந்த ரெஃப்ரியோட குடும்பம் மொத்தத்தையும் பேர் சொல்லித் திட்டிக்கிட்டிருந்தேன்டா! பின்னாடி அத்தனை பேரு கண்ணாடியத் தட்டிக்கிட்டிருக்காங்க. உன் வாய் அசைஞ்சுது. ஏதோ வேண்டிக்கறான்னு நெனச்சேன்."

"பின்ன எப்படி அங்க அடிச்ச?"

"நான் மேலதான்டா அடிச்சேன்! மட்டை சறுக்கிடுச்சு!"

அறை வெடித்தது. இருபது பேர், பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கோலியாக ஆடுகிற பையன் சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஓவன் மட்டும் வாயைத் திறந்தபடி மேசனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அத்தனை நாளும் இருந்ததைவிடப் பெரிய அவமானம்.

"அப்ப ஒண்ணுமில்லதானே மிஸஸ் ஹெச்?" என்றான் மேசன். "இவன் சொன்னது யார் காதுலயும் விழல. காத்துகிட்ட சொல்லியிருக்கான். ஆடலாம்ல?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெர்னாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் காது வேலை செஞ்சுதாங்கறது என் விஷயமில்ல மேசன். அவன் சொன்னானா? சொன்னான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னான். செயின்ட் ஆன்ஸ்கர் ஆட்டம் சேராது. சனிக்கிழமை இறுதி ஆட்டத்துல அவன் உட்காரணும்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பின்னால் யாரோ, "சொன்னதுக்குக் கூலியா?" என்றான்.

வெர்னா அந்தப் பக்கம் திரும்பினாள். "சொன்னதுக்கு இல்ல. செஞ்சதுக்கு. சொன்னதுக்கு என்னன்னா, நான் போன்ல முடிக்காம நாற்பது மைல் வந்திருக்கேன். இந்த வாடைய மோந்துகிட்டு நிக்கறேன். வேற யாருக்கும் வந்ததில்ல. ஓவன், ஏதாவது கேக்கணுமா?"

ஓவன் ஸ்கேட்டைக் கழற்றி ஓரமாக வைத்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் நேராகப் பார்த்தான்.

"நீங்க சொல்றது சரிதான். எனக்குப் பிடிக்கல. ஆனா சரிதான்."

"எனக்கும்தான் பிடிக்கல" என்றாள் வெர்னா. "சனிக்கிழமை அந்தக் கூண்டுக் கதவுக்கு ஆள் போட்டாச்சு. நான்தான். எந்தக் கோச்சையும் நான் நம்பறதா இல்ல."

திரும்பி வரும் வழியில் லஃபோன்டுக்குப் போன் போட்டாள். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவன் கோச்சாக நிற்கக் கூடாது, மேலே இருக்கையில் உட்கார வேண்டும் என்றாள். அவன் கத்த ஆரம்பித்தான். கதவுக்கு ஆள் இல்லாமல் ஆட்டத்தை ஆரம்பித்தது யார், தடை பெற்றவனைக் கீழே இறக்கியது யார், தோற்றபிறகு அதையே தூக்கிக்கொண்டு வந்தது யார், நீயே சொல்லு என்றாள். கத்தலை நிறுத்திவிட்டு, "கண்ணாடிக்கு அந்தப் பக்கமா?" என்றான் லஃபோன்ட். "அந்தப் பக்கம்தான். டை கட்டிக்கோ" என்றாள்.

இறுதி ஆட்டம் பொதுத் திடலில் நடந்தது. எதிரே பைன் ரிவர் கல்லூரி. வெர்னா சாலைத் துறையின் ஆரஞ்சு மேல்கோட்டோடு கூண்டுக் கதவில் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் முதல் வரிசை, முதல் வரிசையில் நீல டை கட்டிய ஓவன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், எழுந்துவிடுமோ என்று பயந்ததுபோல.

மேசன் மூன்று முறை கூண்டுக்கு வந்தான்.

"மிஸஸ் ஹெச், கோலியப் பத்தி ஏதாவது சொல்றது?" என்றான் மூன்றாவது முறை.

"சொல்றேன். வாய மூடு, தண்ணி குடி, நேரம் ஆகும்போது கதவ விட்டுத் தள்ளி நில்லு."

"இது உலகத்துலயே மோசமான கூண்டு" என்று முனகிக்கொண்டே அவன் பின்னால் திரும்பிக் கண்ணாடியைத் தட்டினான். ஓவன் உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். அந்தப் பக்கத்து வரிசை முழுக்கச் சிரித்தது.

ஆல்டர் ஃபால்ஸ் நன்றாகத்தான் ஆடியது. ஆட்டம் சமமாகி, முதல் கோல் போடுகிறவர்களுக்கே வெற்றி என்கிற கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் பைன் ரிவர்க்காரன் ஒருவன் கோல் மூலையிலிருந்து சாதாரணமாகத் தள்ளிய ஒன்று, யாருடைய ஸ்கேட்டிலோ பட்டு, உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். பைன் ரிவர் மட்டைகளை மேலே எறிந்தது. ஆல்டர் ஃபால்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. ஒருவன் முழங்காலில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓவன் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கொட்டகையில் எல்லோருமே நினைத்திருப்பார்கள். வெர்னாவும் நினைத்தாள். அந்த நினைப்பைத் தள்ளிவிடவும் இல்லை, அதற்காகத் தலை குனியவும் இல்லை.

இரண்டு அணிகளும் கை குலுக்க வரிசையில் வந்துகொண்டிருந்தன. பின்னால் கண்ணாடியை யாரோ மெல்லத் தட்டினார்கள். ஓவன் எழுந்து நின்றிருந்தான். கண்ணாடி வழியாக அவன் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கையால் பனித் தரையைக் காட்டினான், பிறகு தன்னைக் காட்டினான்.

வெர்னா தலையைத் தூக்கி மேலே இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தாள். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு விடவில்லை, நிதானமாகப் பார்த்தாள். கோல் விழுந்த நொடியில் நின்றிருந்தது. ஆட்டம் முடிந்தது. தடையும் முடிந்தது.

பின்பக்கக் கதவை அவளே திறந்தாள். அவன் கூண்டுக்குள் வந்ததும் பனிப் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். அது ஒட்டிக்கொண்டிருந்தது, நிஜமாகவே உறைந்துபோய். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

"பார்த்துப் போ. செருப்பு வழுக்கும்."

"ஷூ, மிஸஸ் ஹெச்."

"அதுவும் வழுக்கும்."

அவன் தோல் ஷூவோடு பனியில் இறங்கினான். முதல் அடியிலேயே ஒரு கை காற்றைப் பிடித்தது. ஸ்கேட்டில் நின்றிருந்த எல்லோரும் அவனைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றிருந்த மேசன் கையை நீட்டி அவன் டையைப் பிடித்து, படகை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு பைன் ரிவர்க்காரனும் கையுறையைக் கழற்றிவிட்டு ஓவனுக்குக் கை கொடுத்தான். அவர்களின் கேப்டன் கையை விடாமல் ஏதோ சொன்னான். ஓவன் சிரித்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டான், அடுத்தவனிடம் போனான்.

வெர்னா கடைசி ஆள் கை குலுக்கி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அந்த வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.